திருஷ்டிப் பூசணி

“மாயவன் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் பூசணிக்காயத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார் முதலாளி ஆதிமூலம்.

ஆயுத பூஜை. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் எல்லா மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாகிவிட்டது. மாயவனைக் கூட்டிவர முதலாளியின் காரே போயிருக்கிறது என்று கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பின்னே? கிழங்கு அரைக்கிற மிஷின் பெல்ட் அவன் வலது தோளை இழுத்துப் போட்டதிலிருந்து, அவன் மில் பக்கமே வரவில்லை. கை தோளுக்கு மேல் எழும்பாது. எழும்பாத வரைக்கும் மாசாமாசம் மில் பணம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பு. அந்தப் பணத்தில்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது; மகள் இலக்கியா நர்சிங் படித்தாள். கேஸ் போட்ட நாளிலிருந்து முதலாளி அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவர், காரிலிருந்து இறங்கியவனுக்குத் தன் கையாலேயே துண்டு போர்த்தினார். மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னா மாயவா, வூட்ல எல்லாம் சௌக்கியமா? பழச வுடு. உன் கைராசி யாருக்கு வரும்? நீ பூசணி ஒடைச்ச வருசமெல்லாம் மில்லு எப்டி ஓடுச்சி! இன்னிக்கும் நீதான்.”

“மொதலாளி... சோத்தாங்கை எழும்பாதுங்களே. பீச்சாங்கையால சுத்திடட்டுங்களா?”

“அடப்பாவி! பீச்சாங்கையால சுத்துனா மில்லு வெளங்குமா? ரெண்டு கையும் சேத்துப் புடி. ஒரே ஒரு தபா தலைக்கு மேல தூக்கிப் போட்டுடு.”

“தூக்குண்ணே, சாமி பாத்துக்கும்” என்றான் கூட வேலை பார்த்த அம்மாசி.

கற்பூரம் அணைந்ததும் மாயவன் பூசணியை எடுத்தான். இடது கையின் பலத்தில் வலது கையையும் சேர்த்து மேலே தள்ளினான். ஐயோ, தோளுக்குள் எதுவோ அறுந்தது! பல்லைக் கடித்துக்கொண்டான். இத்தனை மரியாதை செய்த மனிதருக்கு முன்னால் அழவா முடியும்? சிரித்தான்.

“முகத்த இந்தப் பக்கம் திருப்புப்பா” என்றார், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரர். முதலாளியின் விருந்தாளியாம். மாயவன் திரும்பினான். காய் கீழே விழுவதற்கு முன்பே அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூசணி சிதறியது. எல்லோரும் கைதட்டினார்கள். மாயவன் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

“ரொம்ப வலிக்குதாண்ணே?” என்று ஓடிவந்தான் அம்மாசி.

“வலி கெடக்குதுடா. கேஸ் போட்டவன கார் அனுப்பிக் கூப்புடுறாரு. இந்த மனசு யாருக்குடா வரும்?” என்று விம்மினான் மாயவன்.

அந்த மனசுக்காரர் பொரிகடலைத் தட்டோடு விருந்தாளியிடம் போய், காதோரம் குனிந்து கேட்டார்.

“கை தலைக்கு மேல போனது படத்துல நல்லா வுழுந்துச்சில்ல, வக்கீல் சார்?”