சாய்ந்த தளபதி

மன்சூருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி முடிவு கட்டிவிட்டாள்.

"தளபதி சாஞ்சுட்டாரு. வெளிய எடுங்கண்ணே."

சொல்லிவிட்டு விறைப்பாக நின்றான் மன்சூர். எதிரே செபஸ்தியான். வத்தலகுண்டு ரூட்டில் பஸ் ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து வேலை போயிற்று. எழுந்து நடமாடிய பிறகும் வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை. திண்டுக்கல் ரவுண்ட் ரோட்டு மாடி ஒன்றில் வாராவாரம் நடக்கும் இந்தப் பொம்மைப் போருக்காகத்தான் அவர் வீட்டை விட்டே வெளியே வருகிறார்.

மேஜை மேல் தெர்மாகோலில் செய்த மலைக்கோட்டை. சுற்றிலும் விரல் உயர வீரர்கள். பகடையில் செபஸ்தியானுக்கு நல்ல எண்தான் விழுந்தது. தளபதியைக் கோட்டை வாசலுக்கு நகர்த்தும்போது கை உதறி, பொம்மை குப்புற விழுந்துவிட்டது.

'சண்டையில் சாய்ந்த வீரன் களத்தை விட்டு வெளியேற வேண்டும்.' விதி அவ்வளவுதான். எதிரி சாய்த்தால் மட்டுமா, சொந்தக் கை தட்டினாலுமா என்று அதில் இல்லை. நடுவர் நாகஜோதிதான் சொல்ல வேண்டும்.

"எதிரி அடிச்சுச் சாஞ்சாத்தான் கணக்கு," என்றாள் அவள். "நீங்க நிமித்தி வைங்கண்ணே."

"அதெப்படிக்கா? போன மாசம் என் சட்டைக்கை பட்டு என் குதிரைக்காரன் விழுந்தானே. வெளிய எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

"அது வேற, இது வேற."

"என்ன வேறங்கிறேன்?"

அந்த மனுஷனை முன்னால் வைத்துக்கொண்டு அவர் கை நடுக்கத்தை எப்படிச் சொல்வது? நாகஜோதி மன்சூரை முறைத்தாள்.

"நான்தான் நடுவர். பேசாம ஆட்டத்தைப் பாரு!"

வேடிக்கை பார்த்தவர்களும் அவள் பக்கம்தான். "விடுப்பா, பாவம்ல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது செபஸ்தியான் காதிலும் விழுந்தது. தளபதியை நிமிர்த்தி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கோட்டை அவர் வசமானது. எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல காரியம் செய்தோம் என்று நாகஜோதிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

செபஸ்தியான் மட்டும் சிரிக்கவில்லை. தன் வீரர்களை அட்டைப்பெட்டியில் போட்டு மன்சூரிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்க தம்பி. நான் இனிமே வரலை."

மன்சூர் பெட்டியை வாங்கவில்லை.

"என்னண்ணே இது, ஜெயிச்சுட்டு இப்படிப் பேசுறீங்க?" பதறிப்போனாள் நாகஜோதி.

"நான் எங்கம்மா ஜெயிச்சேன்?" என்றார் அவர். "வீட்லயும் இதே கதைதான். தாயக்கட்டை உருட்டினாக்கூட வேணும்னே தோத்துப்போறாக. இந்த ஊர்ல என்னைய இன்னும் ஒரு ஆளா மதிச்சு எதுத்து நின்னது இவன் ஒருத்தந்தான். அவனையும் பேசவிடாமப் பண்ணிட்டியே தாயி."

நாகஜோதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சங்கடத்தை விழுங்கிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள். தளபதியை எடுத்தாள். கோட்டை வாசலில் குப்புறக் கிடத்தினாள்.

"என் தீர்ப்பு தப்புண்ணே. தளபதி செத்துட்டாரு. மத்தவங்களை எடுத்து வைங்க, ஆட்டம் இன்னும் முடியலை."