பாதி வழி

தம்பியின் வெங்காய வயலில் வெள்ளை அழுகல் கண்டிருந்தது. காலில் சேற்றோடு ஒட்டிப் போனால் அடுத்த வயலையும் தின்றுவிடும் நோய். அடுத்த வயல் அண்ணனுடையது. அந்த விதை வெங்காயத்தை வாங்காதே என்று படித்துப் படித்துச் சொன்னவரும் அவர்தான்.

சொல்லிவிடலாம் என்று காலைக்கூடக் கழுவாமல் அண்ணன் வயலின் குறுக்கே அவர் வீட்டை நோக்கி நடந்தான். பாதி வழியில் வெட்கம் பிடுங்கித் தின்றது. வரப்பேறித் திரும்பிவிட்டான்.

மூன்றாம் வாரம் அவன் நடந்த வழியில் காலடிக்கு ஒரு செடியாக மஞ்சளாகிச் சாய்ந்தது.

"யாரோ நடந்து வந்த மாதிரியே இருக்குடா," என்றார் அண்ணன்.

அவன் திரும்பிய இடத்தோடு அந்தத் தடம் நிற்கவில்லை. தினம் ஓர் எட்டு வீட்டுப் பக்கம் நகர்ந்தது. ஒருநாள் வயல் முடிந்தது. மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"வாசப்படிய எத்தன தடவ தேச்சுக் கழுவினாலும் திரும்ப வருதுப்பா. வந்து பாரேன்."

சிமென்ட் படியில் வெள்ளைப் பூஞ்சையாக இரண்டு பாதங்கள் கதவைப் பார்த்து நின்றன. இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. தம்பி செருப்பணிந்த இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அண்ணன் படியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாடா."