காட்டச் சொன்ன ஆள்

"தெளிஞ்சவன் ஒருத்தனைக் காட்டும்வோய் வாத்தியாரே! ஒரே ஒருத்தன் போதும். நீரு கேக்குத ஆயிரத்தையும் இப்பமே இந்த மேசையில வைக்கேன்."

ரப்பர் தோட்ட முதலாளி ரசலையன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். எதிரே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்த செல்வதாஸின் கையில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. காசு கேட்டுப் போகிறவனுக்குச் சாயா கிடைத்தால் காசு கிடைக்காது என்பது அவர் அனுபவம்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, மனம் பேதலித்தவர்களுக்காகக் குலசேகரத்தில் ஒரு விடுதி நடத்துகிறார் செல்வதாஸ். வீட்டுத் தொழுவத்திலும் பலாமரத்தடியிலும் சங்கிலியில் கிடந்த ஏழு பேர் இப்போது அங்கே சங்கிலி இல்லாமல் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை டாக்டர் வந்து மருந்து தருகிறார்.

விடுதி இருக்கும் வாடகை வீட்டை வீட்டுக்காரன் விற்கப்போகிறான். அதை வாங்கத் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் பாதிப்பணம் மானியமாகத் தரச் சம்மதித்துவிட்டது. மறுபாதியை ஊரார் இந்த மாசக் கடைசிக்குள் கட்ட வேண்டும். சபை, சந்தை, கடைத்தெரு என்று செருப்புத் தேய அலைந்தும் இன்னும் ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. அது தவறினால் மானியமும் போச்சு, வீடும் போச்சு. ஏழு பேரும் பழையபடி சங்கிலிக்குப் போக வேண்டியதுதான்.

"சுகமாகிப் போனவங்க உண்டு மொதலாளி. பேரு மட்டும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அதென்ன வோய் அப்பிடியொரு சத்தியம்?"

"வெளிய தெரிஞ்சா வேலை போவும். வீட்டுல ஒரு பிள்ளைக்கும் சம்பந்தம் வராது."

"வராதுதான்! நானே வேலைக்கு வைக்க மாட்டேனே. போன வருஷம் பால்வெட்ட வந்த ஒருத்தன் பண்டொரு காலத்துல சங்கிலியில கெடந்தவன்னு தெரிஞ்சுது. அன்னைக்கே கணக்கைத் தீத்து விட்டேன். தெளிஞ்சாலும் அமாவாசைக்கு அமாவாசை திரும்பும்வோய்."

"திரும்பாது மொதலாளி."

"அப்பம் காட்டும். நான் கண்ணால காணணும், பேசிப் பாக்கணும். சும்மா உண்டு உண்டுன்னா நம்புததுக்கு நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

முதலாளிக்குக் கல்மனசு ஒன்றும் கிடையாது. போன மாசம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். ஆனால் கொடுக்கிற காசுக்குக் கண்ணெதிரே ஒன்று தெரிய வேண்டும் அவருக்கு. அந்த மோரிஸ் காரைப் போல. கார் முற்றத்தில் பளபளவென்று நின்றது.

"பாத்தேரா, எப்பிடி நிக்குன்னு! வண்டியக் கழுவித் துடைச்சு, என் பேத்தியப் பள்ளிக்கூடத்துல விட்டு, தோட்டத்துக்கு என்னையும் கொண்டுபோவான் ஞானையன். சிலோன்ல ரெண்டு வருஷம் லாரி ஓட்டின பய. மலைவளைவுல நான் வாயப் பொளந்து உறங்குவேன், பாத்துக்கிடும். நான் காசு போட்டா அப்பிடிப் போடுவேன். உம்ம ஆளுகளுக்குப் போட்டா எனக்கு என்னத்தவோய் தெரியும்?" என்றவர் சட்டென்று கண்ணைச் சுருக்கினார். "இல்ல, ஒருவேளை நீரேதானா அந்தத் தெளிஞ்ச ஆளு?"

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். செல்வதாஸும் சிரித்து வைத்தார். வேறென்ன செய்ய?

உள்ளுக்குள் ஒரு பெயர் அவர் நாக்கு நுனிவரை வந்து முட்டியது. அதைச் சொன்னால் போதும், வீடு நிற்கும். மழை இரைச்சல் கேட்டாலே தொழுவம் ஞாபகம் வந்து அழுகிற டைட்டஸ் விடுதியிலேயே இருப்பான். ஒரே ஒரு பெயர். ஆறின சாயாவை ஒரே மடக்கில் குடித்து, அதோடு பெயரையும் விழுங்கினார்.

"வாறேன் மொதலாளி."

"கோவமா? காட்டினா காசு. நம்ம பேச்சு ஒரே பேச்சுதான். லேய் ஞானையா! மழை வருது, வாத்தியாரைக் கொண்டு விட்டுட்டு வா."

கார் தோட்டத்து இறக்கத்தில் இறங்கியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது.

"பைசா கிட்டிச்சா சாரே?" என்றான் ஞானையன்.

"இல்லடே."

"ஜன்னல் தொறந்துதான் கெடந்துது. எல்லாம் கேட்டுது."

செல்வதாஸின் நினைப்பெல்லாம் விடுதியில் இருந்தது. ஏழு வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். டைட்டஸின் அப்பன் வந்து கூட்டிப் போகும்போது அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? வாயை மூடிக்கொண்டு வந்தது நியாயமா, பாவமா என்று அவருக்கே தெரியவில்லை.

சந்தை முக்கில் ஞானையன் பிரேக்கை மிதித்தான். பின்னால் எட்டிப் பார்த்து, காரை வந்த வழியே திருப்பினான்.

"எங்கடே திருப்புத?"

"பங்களாவுக்குத்தான். மொதலாளி ஒரு ஆளைக் காட்டச் சொன்னாருல்லா?"

"வேண்டாம்டே. சொன்னாக் கேளு, வண்டிய நிறுத்து!"

ஞானையன் நிறுத்தவில்லை. ஏற்றத்துக்குக் கியரை மாற்றினான்.

"சிலோனை நான் எங்க சாரே கண்டேன்? அந்த ரெண்டு வருஷமும் உங்க விடுதியில மேலக்கோடிக் கட்டில்லதானே கெடந்தேன்."