கசிந்தாக வேண்டும்

ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் தாழ்ப்பாளை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வசுமதி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். கையில் தண்ணீர் இல்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

மூன்று நாளில் இது பன்னிரண்டாவது.

வயிறு எரிந்தது. எரியட்டும். இன்று அவளுடைய குடல் கசிந்தாக வேண்டும்.

"மா, உள்ள என்ன பண்றே இவ்ளோ நேரம்? சந்தீப் வெயிட் பண்றார்." மகள் மதுவந்தி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

மாத்திரை அட்டையைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு வசுமதி வெளியே வந்தாள்.

மதுவந்திக்குப் பத்தொன்பது வயது. எடை முப்பத்தெட்டு கிலோ. இரண்டு வருடமாகக் குடலில் புண். க்ரோன்ஸ் என்று பெயர் சொன்னார்கள். காலேஜ் பாதியில் நின்றுபோயிருந்தது. அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அந்த நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் நடத்துகிறார். இந்த நோய்க்காரர்களுக்குக் குடலின் சுவர் இளகி, உள்ளே போகக் கூடாததெல்லாம் ரத்தத்துக்குள் கசிந்துவிடுகிறதாம். நோயே இல்லாவிட்டாலும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பல சமயம் அப்படிக் கசிவதுண்டாம்.

டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து மதுவந்தி விடவில்லை. நீயும் டெஸ்டுக்கு வரணும். அப்பாவுக்கு டயபடீஸ், அவரைச் சேத்துக்க மாட்டா. நீதான் வரணும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதை நினைத்து நினைத்தே வசுமதிக்கு மூன்று வாரமாகத் தூக்கம் போயிற்று.

சோதனைக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில்தான் அவளுக்கு வழி கிடைத்தது. சோதனைக்கு முன் ஒரு வாரம் வலி மாத்திரை கூடாது. அதுவே குடலைக் கசிய வைத்துவிடும்.

ஆராய்ச்சி மாணவன் சந்தீப் அவள் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தான். "ரெண்டு வகை சர்க்கரை கரைச்சிருக்கு, மாஷிமா," என்றான் வங்க மொழியில்; அம்மா வயதுப் பெண்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்னது எல்லாருக்கும் உள்ளே இறங்கும். பெரியது, சுவர் கசிந்தால்தான் இறங்கும். குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். எவ்வளவு கசிகிறது என்று கணக்காகத் தெரிந்துவிடும்.

பிறகு படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

"வலி மாத்திரை ஏதாவது?"

"இல்லை." கோப்பையைப் பிடித்திருந்த விரல்கள் வழுக்கின.

"பேஷன்டோட ரத்த சம்பந்தம் உண்டா?"

"பெத்த அம்மா," என்றாள் வசுமதி. கொஞ்சம் அவசரமாகவே.

சந்தீப்பின் பேனா நின்றது. "இதுல இல்லைன்னு எழுதியிருக்கே?"

"நான்தான் எழுதினேன்," என்றாள் மதுவந்தி.

வசுமதியால் மகளின் பக்கம் திரும்ப முடியவில்லை.

சந்தீப் இருவரையும் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி விளக்கினான். ஒரே வீட்டில் இருந்து, ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ரத்த சம்பந்தம் மட்டும் இல்லாதவர்களும் ஆராய்ச்சிக்கு வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அப்படி ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

மதுவந்தி தமிழுக்கு மாறினாள். "தத்து எடுத்த பேப்பரைப் பன்னெண்டு வயசுலயே பாத்துட்டேன்மா. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்றதா இல்லை. அதான் இங்க இழுத்துண்டு வந்தேன்."

வசுமதி கோப்பையையே பார்த்தாள். இதைக் குடித்தால் பெரிய சர்க்கரை தாராளமாக இறங்கும். சொந்த ரத்தம் இல்லாதவளுக்கும் கசிகிறது என்று பதிவாகும். அப்புறம் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மகளின் நோய்க்கு உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கும்.

ஒரு வாய்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

கோப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"மாத்திரை சாப்பிட்டிருக்கேன், சந்தீப். மூணு நாளா. இப்பக்கூட ஒண்ணு."

அவன் திடுக்கிட்டான். "ஏன் மாஷிமா? எங்க வலி?" படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

வசுமதி மகளிடம் திரும்பினாள். தமிழில், மெல்லத்தான் சொன்னாள்.

"ரிப்போர்ட்லயாவது நான் உன்னாட்டமே இருக்கணும்னுதான்."

மதுவந்தி தன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான் சந்தீப்.

"முழங்கால் வலியாம்," என்றாள் அவள் வங்க மொழியில். "எழுதிக்கோங்க."