பருவத்துக்கு வராத கிடேரி

பின்னோக்கி வந்து நின்ற வண்டியின் பலகையை இறக்கியதும் கிடேரி தானாகவே குதித்து இறங்கியது.

"நீங்க கொடுத்ததை நீங்களே வெச்சுக்கங்க மாமா. இன்னும் பருவத்துக்கே வரல. மலட்டை என் தலையில கட்டிட்டீங்க."

மருமகன் இதை மெதுவாகச் சொல்லவில்லை. பால் வாங்க வந்து நின்ற நாலைந்து பேர் காதிலும் விழட்டும் என்றே சொன்னான்.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்துப் பார்த்து வளர்த்து, கல்யாணத்தின்போது அவர் கொடுத்தனுப்பிய கிடேரி அது.

"மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள. தெரிஞ்சு செய்யல."

கொட்டகையில் கட்ட இடமில்லை. கயிற்றை அவிழ்த்து, பக்கத்துக் காலியிடத்தில் மற்ற மாடுகளோடு விட்டார். விடிகாலையில் பெய்த மழையில் மண் பதமாக இருந்தது. காற்றில் குளிர்ச்சி.

கிடேரி ஒவ்வொரு காலாக ஊன்றிப் பார்த்தது. வழுக்கவில்லை என்று தெரிந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அடிவயிற்றிலிருந்து கத்தியது.

ஒரு பசு வந்து முகர்ந்தது. பிறகு அதன்மேல் தாவியது.

கிடேரி விலகவில்லை. அசையாமல் நின்று தாங்கியது.

பால் வாங்க வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"பருவத்துலதானேப்பா நிக்குது."

வேறு யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மருமகனின் கண்முன் அவனுடைய கொட்டகை வந்து நின்றது. தலையில் இடிக்கும் தகரக் கூரை. பகலெல்லாம் மாடுகளுக்கு மூச்சிரைக்கும் வெக்கை. கழுவ வசதி என்று எல்லோரிடமும் பெருமையடித்துப் போட்ட வழுவழுப்பான சிமெண்ட் தரை. வழுக்கும் என்ற பயத்தில் எந்த மாடும் அங்கே இன்னொன்றின்மேல் தாவாது. போதாததற்குக் குட்டைக் கயிறு.

பருவம் வராமல் இல்லை. வந்து வந்து, யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

காது மடல் வரை எரிந்தது. மாமனார் நறுக்கென்று ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவரோ மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசி, அவிழ்த்த கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அவன் விறுவிறுவென்று போய் வண்டியின் முன்கதவைத் திறந்தான்.

உள்ளே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில், அவன் கையாலேயே துணிமணிகளைத் திணித்துக் கட்டிய பை. மலடு என்ற சொல்லை அவன் வாயிலிருந்து முதலில் கேட்டவள் அவள்தான்.

"இறங்க வேணாம்," என்றான், அவள் காலடியைப் பார்த்தபடி. "வீட்டுக்கே போயிடலாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"மாட்டையும் இங்கயே விட்டுட்டுப் போங்க."