கடைசி இரண்டு பாயிண்ட்

"உள்ளதை அப்படியே சொல்லுங்க மேடம். அந்தக் கடைசிப் பந்தை எந்தக் கையால போட்டீங்க?"

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"வலது கைதான். வேற எதால போடுவாங்க?" என்று சிரித்து வைத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த உடற்கல்வி இயக்குநர் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதுவது இயக்குநர்தான். முதல் கோப்பை வாங்கிய கதைக்கு மட்டும் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. அதற்காகத்தான் பழைய கேப்டனைக் கூப்பிட்டிருந்தாள். சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

மேஜைமேல் பழுப்பேறிய ஸ்கோர் ஷீட். ஒரே பாயிண்டில் ஜெயித்த இறுதி ஆட்டம். கடைசி இரண்டு பாயிண்ட் கேப்டன் பெயரில்.

"பந்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"இடது பக்கம்னு ஞாபகம். வயசாகுதில்ல."

"வளையத்துக்குக் கீழ யார் யார் நின்னாங்க?"

"ஒரே கும்பல். ஏழெட்டுக் கை மேல போச்சு. சரியாப் பார்க்கல."

"போட்ட நீங்களே பார்க்கலையா?"

கேப்டனுக்குச் சுருக்கென்றது. இவளுக்கு எங்கேயோ பொறி தட்டிவிட்டது.

அந்தப் பந்தைக் கேப்டன் தொடவே இல்லை. எதிரணிப் பெண் ஒருத்தி வெளியே தட்டிவிடப் போய், அவள் காக்க வேண்டிய வளையத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. அப்படி விழுந்தால் பாயிண்ட் பெறுகிற அணியின் கேப்டன் பெயரில் எழுதுவது விதி. மறுநாள் பேப்பர்க்காரர்கள் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து, கேப்டன் கொண்டுவந்த கோப்பை என்று போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. வாய்விட்டுப் பொய் சொன்னது இன்றுதான். மகள்கள் இரண்டு பேரும் அம்மா பெருமையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். புத்தகத்தில் வேறு ஏறிவிட்டால் அழிக்கவே முடியாது.

"எதிர் டீம் பொண்ணுங்க முகம் ஏதாச்சும் ஞாபகம் இருக்கா மேடம்?"

அவ்வளவுதான். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"அந்தப் பாயிண்ட் என்னுது இல்லம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பாவம் அந்தப் பொண்ணு. துண்டால முகத்தை மூடிக்கிட்டு பஸ் ஏறிச்சு. நான் கப்பைத் தூக்கிக்கிட்டு போட்டோவுக்கு நின்னேன். போய் ஒரு வார்த்தை பேசல. பேர்கூடத் தெரியாது. நீங்க விசாரிச்சு, அது யார் போட்டதோ அவங்க பேரையே எழுதிடுங்க. மகளுங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இயக்குநர் பேனாவை மூடினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மைதானத்தில் பயிற்சி எடுக்கும் பெண்களின் சத்தம் அடங்கியது.

"அது உங்க பேர்லயே இருக்கட்டும்க்கா." குரல் இறங்கியிருந்தது. "இருபது வருஷமா இந்தப் பிள்ளைங்களுக்கு நான்தான் கோச். சொந்த வளையத்துல பந்தைப் போட்டுட்டுப் போனவ நான்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது."