பக்கத்து மெஷின்

“அந்தக் கோடியில இருக்கற டிரில்லிங் மெஷினை, மெஷின்களை மாத்திப் போடற புது பிளான்ல எதுக்கு லேத்துக்குப் பக்கத்துல போட்டீங்க?” புதிதாக வந்த மேனேஜர் இன்ஜினியரை முறைத்தார்.

“கம்ப்யூட்டர் போட்டது சார். எந்த ரெண்டு மெஷினுக்கு நடுவுல இரும்பு பீஸ் அதிகமா போய்வருதோ, அது ரெண்டையும் ஒண்ணா சேர்த்துடும்.”

துளையே வேண்டாத பீஸையும் தூக்கிக்கொண்டு லேத்காரர் டிரில்லிங் மெஷினில் வேலை செய்யும் பெண்ணிடம் போவதை மேனேஜரும் கவனித்திருந்தார். ஆளைக் கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடுச்சு. அந்தம்மாகிட்ட உமக்கு என்னய்யா வேலை?”

லேத்காரர் பதறினார். “பக்கத்துல மட்டும் போட்டுடாதீங்க சார்! அவ என் பொண்டாட்டி. வீட்ல தினம் சண்டை, முகம் கொடுத்தே பேசமாட்டேங்கறா. அவ்வளவு தூரம் நடந்தாத்தான் கோபம் ஆறி, சமாதானமா ஒரு வார்த்தை என் வாய்ல வருது!”